எல்லாவற்றுக்கும் ஹாங் ஜி

டெலானிபூர்,
போர்ட் பிளேர்.
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள முத்துவீரன் அண்ணனுக்குத் தங்கை ஜெயமணி எழுதிக்கொண்டது. அம்மாவும் பொன்னம்மா அண்ணியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே சுகம் என்று எழுதக் கை வரவில்லை. உங்கள் கச்சால் தீவில் போனுக்கு டவர் நிற்பதில்லை என்பதால், கப்பலில் வேலை செய்யும் ராக்கப்பனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அம்மாவுக்கு முழுவதையும் படித்துக் காட்ட வேண்டாம்.

நம் தம்பி யோகராஜ் ஜெயிலில் இருக்கிறான். மரைன் ஹில் இறக்கத்தில் என் வீட்டுக்காரர் ஸ்டோர் கீப்பராக இருக்கும் பெயிண்ட் குடோனில்தானே தம்பியும் மூட்டை தூக்கினான். போன வாரம் ஒரு சாயங்காலம் அந்தக் குடோன் எரிந்துவிட்டது. நல்லவேளை, உள்ளே ஆள் யாரும் இல்லை. தம்பி மட்டும் வாசலில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தானாம். போலீஸ் தானாவுக்குக் கூட்டிப்போய், நீதான் தீ வைத்தாயா என்று கேட்டிருக்கிறார்கள். ஹாங் ஜி, ஆமாங்க, என்றிருக்கிறான். பிறகு மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தி, உன்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லையே, எல்லாம் புரிந்துதான் சொல்கிறாயா என்று கேட்டதற்கும் ஹாங் ஜிதான்.

ஆள் வளர்ந்திருக்கிறானே தவிர, புத்தி சின்னப்பிள்ளையோடு நின்றுவிட்டது என்று நமக்குத் தெரியும். வெளியில் கேட்டால் கொஞ்சம் அமைதியான பிள்ளை என்று சொல்லியே காலத்தை ஓட்டிவிட்டோம். யாராவது அதட்டினால், ஆமாம் என்று சொன்னால் அதட்டல் நின்றுவிடும் என்பதை அவன் எப்போதோ கற்றுக்கொண்டான். இதைப் போலீஸுக்கு எப்படிப் புரியவைப்பது?

சட்ட உதவி என்று அரசாங்கமே ஒரு வக்கீலைக் கொடுத்திருக்கிறது. ஷீலா என்று பெயர், மலையாளிப் பெண், சின்ன வயது. எனக்கு அவள்மேல் நம்பிக்கை வரவில்லை. நம்மிடம் ஒன்றும் வாங்காதவள் எதற்காக இரண்டு தடவை வீடு தேடி வர வேண்டும்? வந்தவள் தீயைப் பற்றிக் கேட்கவே இல்லை. தம்பி எப்போது பேச ஆரம்பித்தான், சட்டைப் பித்தானைத் தானே போட்டுக்கொள்வானா, கடைக்கு அனுப்பினால் திரும்பி வந்துவிடுவானா என்று கேட்டாள். டாக்டர்கள் அவனைச் சோதித்துப் பார்க்க வேண்டுமாம். பைத்தியம் என்று எழுதி வாங்கிவிட்டால் அவனைக் காலம் பூராவும் எங்காவது அடைத்துவிடமாட்டார்களா?

இன்னொன்றும் கேட்டாள். வீட்டில் யார் சொன்னால் தம்பி அப்படியே கேட்பான் என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் இவர், அக்கா சொன்னால்தான் கேட்பான் என்று சொல்லிவிட்டார். அந்தப் பெண் என்னைப் பார்க்காமல் இவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குற்றத்தை ஒத்துக்கொண்டுவிட்டால் கோர்ட்டு இரக்கப்பட்டுச் சீக்கிரம் விட்டுவிடும், முதலாளியிடமும் பேசியிருக்கிறேன் என்கிறார் இவர். தீ விபத்து நடந்தபோது வீட்டில் படுத்திருந்ததாகத் தானாவில் எழுதிக் கொடுத்திருக்கிறார். அன்று நான் ரேஷன் கடையிலிருந்து வந்தபோது கதவு பூட்டிக் கிடந்தது. பக்கத்தில் எங்காவது போயிருப்பார், நேரத்தை நான்தான் மாற்றி நினைக்கிறேன் போலிருக்கிறது. சந்தேகப்பட ஆரம்பித்தால் சோற்றைக்கூட மோந்து பார்க்கத் தோன்றும்.

அந்த வக்கீலை நம்பலாமா, இவர் சொல்வதைக் கேட்கலாமா என்று யோசித்துச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஜெயமணி.


டெலானிபூர்.
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் பதிலுக்குக் காத்திருக்க முடியவில்லை. போன கடிதத்தில் டவரைக் குறை சொன்னேன். டவர் ஒரு பக்கம் இருக்கட்டும், நான் போனை எடுத்தாலே இவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார். அதனால்தான் எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை இவருக்குத் தெரியாமல் ஜெயிலுக்குப் போய்த் தம்பியைப் பார்த்தேன். ஆள் இளைத்துவிட்டான். என்னைக் கண்டதும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, மச்சான் சொன்ன மாதிரி சரியா சொன்னேனா? கோபத்துல வச்சேன்னு சொன்னேன்" என்றான். கோபம் என்றால் என்னடா என்று கேட்டேன். பதில் தெரியாமல் சிரித்தான். யாரையும் அவன் கோபித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை, அண்ணா. மச்சான் வேறென்ன சொன்னார் என்றேன். "அப்படி சொன்னா கப்பல்ல ஏத்தி அம்மாகிட்ட அனுப்புவேன்னாரு. கப்பல் எப்ப வரும்?" என்று கேட்டான்.

ஜெயில் வாசலிலிருந்து நேராக அந்த வக்கீலிடம் போனேன். தம்பி சொன்னதைச் சொன்னேன். கதவு பூட்டிக் கிடந்ததையும் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை. குடோன் எரியாமல் இருந்திருந்தால் அந்த வாரமே சரக்கைக் கணக்குப் பார்க்க மெயின்லேண்டிலிருந்து ஆள் வருவதாக இருந்ததாமே, அது உங்களுக்குத் தெரியுமா என்று மட்டும் கேட்டாள். எனக்குத் தெரியாது. வீட்டில் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

மறுநாள் ஜாமீன் விசாரணை. தம்பியிடம் நீங்களே ஏதாவது கேட்டுப் பாருங்கள் என்று வக்கீல் ஜட்ஜ் ஐயாவைக் கேட்டுக்கொண்டாள். அவர் ஹிந்தியில், கல்யாணம் ஆகிவிட்டதா என்றார். ஹாங் ஜி. எத்தனை பிள்ளைகள்? ஹாங் ஜி. கோர்ட்டில் சிலர் சிரித்தார்கள். அவர்கள் சிரிப்பதைப் பார்த்துத் தம்பியும் சிரித்தான். ஊர் முன்னால் அவனைக் கோமாளி ஆக்கிவிட்டாளே என்று எனக்கு அந்த நிமிஷம் அவள்மேல் ஆத்திரமாக வந்தது. ஜட்ஜ் ஐயா சிரித்தவர்களை அதட்டிவிட்டு, இந்தக் கட்டிடத்துக்கும் நீதான் தீ வைத்தாயா என்று மெதுவாகக் கேட்டார். அதற்கும் ஹாங் ஜி என்றான். அதற்கப்புறம் ஒருவரும் சிரிக்கவில்லை. தானாவிலும் மாஜிஸ்திரேட்டிடமும் இவன் சொன்ன ஹாங் ஜி இதேதான் என்று சொல்லிவிட்டு வக்கீல் உட்கார்ந்துவிட்டாள்.

டாக்டர்கள் தம்பியைப் பார்த்து எழுதித் தர வேண்டும், அந்த வாக்குமூலம் செல்லுமா என்பதைப் பிறகு முடிவு செய்யலாம், அதுவரை பொறுப்பான சொந்தக்காரர் ஒருவர் வைத்துப் பார்த்துக்கொள்வதானால் ஜாமீன் தரலாம் என்றார் ஜட்ஜ் ஐயா. உடனே இவர் எழுந்து, என் மச்சினன்தான், என் வீட்டிலேயே வைத்துக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்கிறேன் என்று கையைக் கூப்பினார். குரல் தழுதழுத்தது. பார்த்தவர்கள் எல்லாரும் எவ்வளவு நல்ல மனிதர் என்று நினைத்திருப்பார்கள்.

வக்கீல் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் எழுந்து நின்றேன். அண்ணா, கோர்ட்டில் என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. எங்கள் வீட்டில் வேண்டாம், கச்சாலில் அண்ணன் இருக்கிறார், அவர் வரும்வரை தம்பி இங்கேயே இருக்கட்டும் என்றேன். இங்கேயே என்று நான் சொன்னது ஜெயிலை. ஏன் என்று ஜட்ஜ் ஐயா கேட்டார். நான் இவர் பக்கம் பார்த்தேன். ஜட்ஜ் ஐயா மறுபடி கேட்காமல், அண்ணன் வரட்டும் என்று எழுதிவிட்டார். கூண்டிலிருந்து தம்பி, அக்கா போகலாமா, போகலாமா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.

வீட்டுக்கு வந்ததும் இவர், "தம்பிகிட்ட என்ன கேட்ட?" என்றார். ஒன்றும் கேட்கவில்லை என்றேன். நான் என்ன சொல்கிறேன் என்று இவரும், இவர் என்ன செய்கிறார் என்று நானும் பார்த்தபடி இருக்கிறோம். அந்த வக்கீல் போலீஸிடம் என்னைச் சொல்லச் சொல்வாள். சொல்வேன் என்றுதான் நினைக்கிறேன்.

அடுத்த கப்பலிலேயே வந்துவிடுங்கள். கப்பல் ஜெட்டியில் இறங்கியதும் வீட்டுக்கு வர வேண்டாம். நேராகக் கோர்ட்டுக்குப் போய் ஷீலா மேடத்தைக் கேளுங்கள், சொல்லி வைத்திருக்கிறேன். இவர் உங்களைக் கூப்பிட்டு என்ன சொன்னாலும், ஜெயமணிக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னால்கூட, முதலில் தம்பியைப் பாருங்கள். என்னை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அம்மா கேட்டால், மாப்பிள்ளை வேலையாக இருக்கிறார் என்று சொல்லுங்கள். தம்பி ஜெயிலில் இருக்கும்வரை எனக்குத் தூக்கம் வருகிறது. பெற்றவளிடம் இதை எப்படிச் சொல்வது?

நீங்கள் நல்லபடியாக வந்து சேர அந்த மாரியம்மாள் கடலை அமைதியாக வைத்திருக்கட்டும்.

உங்கள் தங்கை,
ஜெயமணி.