குச்சி நட்ட இடம்

ஜூலை 14

காலையில் ஏரிக்கரை. நாணல் நுனியில் ஊசித்தும்பி ஒன்று உட்கார்ந்தது. கேமராவைத் தூக்குவதற்குள் போய்விட்டது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைப் போட்டோவுக்கு நிறுத்துவது மாதிரிதான் — கூப்பிட்டால் வராது, சும்மா இருந்தால் வரும். சும்மா இருந்தேன். வந்தது தும்பி இல்லை, இலைக்கோழி. நீண்ட விரல்களை விரித்து அல்லி இலைகளின் மேலேயே நடந்துபோய், நாலு முட்டைமேல் உட்கார்ந்தது.

ஜூலை 19

ஏரியில் மீன் குத்தகை எடுத்திருக்கும் தீர்த்தகிரியிடமும் அவர் மனைவி அம்மாக்கண்ணுவிடமும் படத்தைக் காட்டினேன். அடைகாப்பது சேவல், முட்டையிட்டதும் பெட்டை வேறு சேவலைத் தேடிப் போய்விடும் என்றேன்.

அம்மாக்கண்ணு புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். “கேட்டுக்கினியா? நீ ஒரு நாளாச்சும் புள்ளையத் தூக்கியிருப்பியா?”

“நான் இன்னா கோழியா?” என்றவர் என்னிடம், “அல்லி மண்டிக் கெடக்கு டீச்சர், வலையெல்லாம் சிக்குது. ஆடி முடியறதுக்குள்ள வழிச்சிடணுங்க” என்றார்.

கூடு இருப்பது அந்த அல்லியில்தான்.

ஜூலை 27

கேட்கலாமா? அது அவர் பிழைப்பு. நான் படம் எடுப்பவள்.

கேட்டுவிட்டேன். தலையைச் சொறிந்தார். “ஒரே ஒரு கொத்து வுட்டுர்றேன். எதுன்னு காட்டுங்க, குச்சி நட்டுர்றேன்.”

கேமராத் திரையில் கூடு, தண்ணீருக்குள் நிற்கும் பட்டமரத்தை ஒட்டித் தெரிந்தது. கிட்டே போய்ப் பறவையைக் கலைக்க வேண்டாம் என்று கரையிலிருந்தே கை காட்டினேன். பரிசலில் போய் மரத்தடிக் கொத்தில் மூங்கில் குச்சியை நட்டார்.

ஆகஸ்ட் 5

வழித்துவிட்டார்கள். குச்சி நட்ட கொத்து அப்படியே இருக்கிறது. அதில் கூடு இல்லை.

கூடு மரத்துக்கும் அப்பால், வேறு கொத்தில் இருந்திருக்கிறது. லென்ஸ் அதை இழுத்துக்கொண்டுவந்து மரத்தோடு ஒட்டிக் காட்டியிருக்கிறது. கட்டைவிரலால் மலையை மறைத்துக் காட்டி, பக்கத்தில் தெரிவதெல்லாம் பக்கத்தில் இல்லை என்று எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன்! எனக்கே உறைக்கலையே.

“நீங்க காட்டுன எடத்துலதானே டீச்சர் வுட்டேன்?” — தீர்த்தகிரி.

ஆமாம். அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை. கரையில் குவிந்த கொடிகளுக்குள் கையை விட்டுத் தேடினேன். முட்டை ஓடுகூடக் கிடைக்கவில்லை.

ஆகஸ்ட் 6

போகவில்லை.

ஆகஸ்ட் 7

போனேன். சேவல் மட்டும் தனியாக, குச்சி நட்ட கொத்தில். உடம்பு தடித்து, இறக்கையை ஒரு மாதிரி அகட்டிக்கொண்டு நடந்தது. கீழே நூல் நூலாக ஏதோ தொங்கியது. வலை சுற்றிக்கொண்டதா? ஐயோ, இதுவுமா? தீர்த்தகிரியை விட்டு எடுக்கச் சொல்லலாம் என்று படம் பிடித்துவந்து, வீட்டில் பெரிதாக்கினேன்.

நூல் இல்லை. கால்கள்.

குஞ்சுகளை இறக்கைக்குள் இடுக்கியிருக்கிறான் அந்த அப்பன். கால்கள் மட்டும் வெளியே. அவனுடையது போக எட்டு. பரிசல் நெருங்குவதற்குள் பொரிந்திருக்க வேண்டும். தூக்கிக்கொண்டு இங்கே வந்துவிட்டான். ஏரியில் மிச்சமிருக்கும் அல்லி இது ஒன்றுதான். நான் தப்பாகக் காட்டிய இடம்.

படத்தைத் தீர்த்தகிரிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். சாயங்காலம் போன் வந்தது.

“அந்தக் கொத்து அப்டியே கெடக்கட்டுங்க டீச்சர். இனிமே கை வெக்கல.” கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்தினார். “இந்தப் போட்டோவ மட்டும் அம்மாக்கண்ணுக்குக் காட்டிடாதீங்க.”

அவருக்குப் பின்னால் அவள் சிரிப்பது கேட்டது.