வெள்ளச்சியைப் பார்க்க வந்த பிள்ளைகள்

நீடாமங்கலம்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் மலர்க்கொடிக்கு அம்மா எழுதுவது,

அந்த நியூசிலாந்துக் குளிரில் நீ நோய்நொடி இல்லாமல் இருக்க மாரியம்மனை வேண்டிக்கொண்டே எழுதுகிறேன். நாங்களும் நலம் என்று எழுதத்தான் ஆசை, ஆனால் முழுக்க நலமில்லை. மூன்று வாரமாக வீடியோ போடாமல் வெறும் பேச்சோடு ஏன் நிறுத்துகிறேன் என்று கேட்டாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் படிப்பைப் போட்டுவிட்டு ஓடி வந்து நிற்பாய்.

உன் சிநேகிதி மாலதி டீச்சர் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் பன்னிரண்டு பேரை நம் பன்றிக் கொட்டகைக்கு அழைத்து வந்தாள். பிள்ளைகளுக்குப் பன்றி என்றால் சாக்கடையும் வசவும்தான் தெரிகிறது, ஆடு மாடு மாதிரி இதுவும் பண்ணையில் வளர்கிற உயிர் என்று காட்ட வேண்டும் என்று மாட்டு டாக்டருக்குப் படிக்கும்போதே நீ சொல்வாயே, அதைத்தான் செய்தோம். முதலில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். தரை கழுவிக் கிடப்பதைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டு, தவிட்டுக் கஞ்சி ஊற்ற நான் முந்தி நீ முந்தி என்று போட்டி. மேலத்தெரு ராஜ்குமார் மகள் குந்தவை, ஏழு வயது, இது சிரிக்குது பாருங்க பாட்டி என்றாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

நம் வெள்ளச்சி ஒன்பது குட்டி ஈன்று ஆறு நாள்தான் ஆகியிருந்தது. குட்டி போட்ட பன்றியிடம் யாரையும் விடாதே என்று நீ படித்துப் படித்துச் சொல்லியும் தடுப்புக் கட்டையை நான் சரியாக மாட்டவில்லை, தப்பு என்னுடையது. குந்தவை கம்பி இடுக்கில் கையை விட்டு ஒரு குட்டியைத் தூக்கிவிட்டாள். அது வீறிட்டதும் வெள்ளச்சி தடுப்பை முட்டித் தள்ளிக்கொண்டு வந்தது. நான் பிள்ளையைத் தூக்கிக் காலித் தொட்டிக்குள் போட்டேன், வெள்ளச்சி என் தொடையைக் கவ்வி உதறியது. சதை பிய்ந்து தொங்கிற்று. அப்பா கடப்பாரையால் அதன் நெற்றியில் இரண்டு போடு போட்ட பிறகுதான் விட்டது. டீச்சர் குந்தவையையும் மற்றப் பிள்ளைகளையும் வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். குட்டி கிடைத்ததும் வெள்ளச்சி மூலையில் படுத்து, மூக்கில் ரத்தம் ஒழுக ஒழுகப் பால் கொடுத்தது.

அதோடு போயிருக்கும். ஆம்புலன்ஸ் வருவதற்குள் ராஜ்குமார் ஆறேழு பேரோடு உருட்டுக்கட்டை எடுத்துக்கொண்டு வந்தான். வயதில் மூத்தவர் என்றும் பார்க்காமல், எம் பொண்ணப் பன்னிக் கொட்டாய்க்காடா இழுத்துட்டு வந்தீங்க என்று அப்பாவைக் கன்னத்தில் அறைந்தான். அப்பா கையில் கடப்பாரை இருந்தது மலரு. அது மேலே எழுந்ததை நான் பார்த்தேன். கீழ போடுங்க, கீழ போட்டுடுங்க என்று ரத்தத்தில் கிடந்தபடியே கத்தினேன். போட்டுவிட்டார். பிறகு அவர்கள் வெள்ளச்சியை அடித்தார்கள். மடியில் குட்டிகள் இருந்ததால் அது எழுந்திருக்கவே இல்லை. மண்டை உடைந்து மூச்சு நின்ற பிறகும் அடித்தார்கள். குட்டிகளில் இரண்டும் அதன் அடியில் நசுங்கிப் போயின.

எனக்கு முப்பத்தொரு தையல், இப்போது பிடித்துக்கொண்டு நடக்கிறேன். அப்பா போலீசில் புகார் கொடுத்திருக்கிறார். வாபஸ் வாங்கச் சொல்லி ஆள் வருகிறது, வாங்க மாட்டோம். மீதி ஏழு குட்டியில் மூன்று செத்துப்போய், பாட்டில் பாலில் நாலு குட்டி பிழைத்துக் கிடக்கிறது.

போன வியாழன் ராஜ்குமார் வந்தான், அவன் கையைப் பிடித்துக்கொண்டு குந்தவை. குட்டியைப் பார்க்கணும் என்று சோறு தின்னாமல் அழுதாளாம். அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். அவள் பாட்டிலைப் பிடித்துப் பால் கொடுத்துக்கொண்டே, இதோட அம்மா எங்க பாட்டி என்றாள். வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டு, உங்கப்பாவக் கேளும்மா என்றேன். கேட்டாள். அவன், நான்தாம்மா அடிச்சுக் கொன்னுட்டேன் என்றான். வா போகலாம் என்று கையை நீட்டினான். அவள் பிடிக்கவில்லை. நாலு குட்டியும் குடித்து முடிக்கும்வரை இருந்துவிட்டு, அவனுக்கு முன்னால் தனியாக நடந்து போனாள்.

நீ டிக்கெட் எதுவும் போடாதே, பரீட்சையை முடி. குட்டிகளுக்கு எப்போது தவிடு பழக்கலாம் என்று மறக்காமல் சொல். நூறு வயது மகராசியாக இரு கண்ணு.

உன் அம்மா,
சா. காளியம்மாள்