வெளியே வைத்த மாவு

தேரா, துபாய்
4 மார்ச் 1977

செல்ல மகள் நீலாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகமாகத்தான் இருக்கிறோம். அங்கே நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் உன் கடிதமே அதைச் சொல்லிவிட்டது. இனி நான் கேட்பதற்கு ஒன்றும் இல்லை, மதுரை மீனாட்சிதான் உன் பக்கத்தில் வந்து உட்கார வேண்டும். வியாழக்கிழமை அப்பா ஆபீஸ் தபால் பெட்டியிலிருந்து எடுத்து வந்தார். நீல உறையைப் பார்த்ததும் அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே நின்றபடி படித்தேன். "எனக்கு இந்த ஊர் வேண்டாம், இந்த மனிதரும் வேண்டாம், அப்பாவிடம் சொல்லி என்னை அங்கே அழைத்துக்கொள்" என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரிக்கு மேல் என்னால் போக முடியவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடி முதலிலிருந்து படித்தேன். அப்பா "என்னவாம் உம் பொண்ணு?" என்று கேட்டார். உளுத்தம்பருப்பு தீர்ந்துபோச்சாம் என்று சொல்லிவைத்தேன். பொய்யும் இல்லை, நீ அதையும்தான் எழுதியிருந்தாய்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். நவம்பரில் இட்லிக்கு அரைப்பது எப்படி என்று நீ கேட்டபோது, "அரைத்த மாவை ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிடாதே, வெளியே வை" என்று எழுதினேன். இங்கே வெளியே என்றால் ஃப்ரிட்ஜுக்கு வெளியே, அடுப்பு மேடை மேல் என்று அர்த்தம். இந்த ஊர் வெயிலில் மூன்று மணி நேரத்தில் மாவு பொங்கி மூடியைத் தூக்கிவிடும். ஆறு வருஷமாக அதையே பார்த்த எனக்கு, உன் கனடாவில், சாஸ்கடூனில் வெளியே என்றால் என்ன என்று யோசிக்கத் தோன்றவில்லை. நீயும் அம்மா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று மைனஸ் இருபத்தெட்டில் பின்வாசல் படியில் கொண்டுபோய் வைத்திருக்கிறாய். காலையில் மாவு கருங்கல்லாகி மூடியோடு ஒட்டிக்கொண்டது, கரண்டி காம்பு முறிந்தது என்று படித்தபோது, சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கும் சிரிப்பு வந்தது. கோபித்துக்கொள்ளாதே. காலேஜ் காலேஜ் என்று உன்னை அடுப்படிப் பக்கமே வரவிடாமல் வளர்த்தவள் நான், அந்த மாவு உறைந்ததற்கு நான்தான் காரணம். அதை உன் தலையில் போட்டுக்கொண்டு நீ கூசிப்போக வேண்டியதில்லை.

ஆனால் பொங்கலன்று எல்லாத் தமிழ்க் குடும்பமும் கூடியிருந்த இடத்தில் மாப்பிள்ளை அதைக் கதையாகச் சொல்லி, எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்து, ஐஸ் இட்லி என்று உனக்குப் பெயரும் வைத்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தாயே, அது எனக்குச் சிரிப்பாக இல்லை, சுருக்கென்று இருந்தது. வீட்டுக்குள் சிரிப்பது ஒன்று, சபையில் சிரிப்பது வேறு. அதிலிருந்து நீ அடுப்பே பற்றவைக்கவில்லை, ரொட்டியும் அவித்த உருளைக்கிழங்கும்தான், அவரும் சாப்பிட்டு முடித்ததும் முகம் கொடுத்துப் பேசாமல் தினமும் ஒரு மணி நேரம் கீழ் அறைக்குப் போய்விடுகிறார், உனக்கு அந்த வெந்நீர் மெஷின் சத்தம் பயம் என்று தெரிந்தே அங்கே போய் ஒளிந்துகொள்கிறார் என்றும் எழுதியிருந்தாய். ஜன்னலுக்கு அப்பால் ஒரே வெள்ளை, மாலை ஐந்து மணிக்கே இருட்டு, பேச ஆள் இல்லை. நானாக இருந்தாலும் டிக்கெட்தான் கேட்டிருப்பேன். கேட்டும் இருக்கிறேன். இங்கே வந்த புதிதில் ஊரிலிருந்து ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்த கறிவேப்பிலைக் கன்றைத் தகர டின்னில் வைத்து தினம் தண்ணீர் விட்டேன். பத்து நாளில் கருகிவிட்டது. என் கை ராசியில்லாத கை, என்னை ஊருக்கு அனுப்பிவிடுங்கள் என்று உன் அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதேன், அவர் பாவம் திருதிருவென்று முழித்தார். பிறகுதான் கீழ் வீட்டு ரஹீமா பீவி, அவர்கள் கீழக்கரைக்காரர்கள், வீட்டுக்காரருக்கு சூக் என்கிற இந்த ஊர்ச் சந்தையில் மசாலாக் கடை, டின் மண்ணைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு "குழாத்தண்ணி உப்புல்ல, அத வுட்டா செடி எப்படிம்மா பொழைக்கும், ஏசியிலேருந்து சொட்டுற தண்ணிய புடிச்சு வுடு" என்றார்கள். இப்போது ஏசிக்குக் கீழே ஒரு பக்கெட் எப்போதும் இருக்கிறது, பால்கனியில் பதினோரு டின் இருக்கிறது, கறிவேப்பிலை என் தோள் உயரம்.

இதை நான் சொல்வது, அதனால் நீயும் பல்லைக் கடித்துக்கொண்டு இரு என்பதற்காக இல்லை. வரத்தான் வேண்டும் என்றால் வா. எனக்கு ஊர் வாய் முக்கியமில்லை, நீதான் முக்கியம். ஆனால் ஒரு விஷயம் உனக்குத் தெரியாமல் நீ முடிவு எடுக்கக் கூடாது, அதனால்தான் சொல்ல வேண்டாம் என்று ஒருவர் கேட்டுக்கொண்டதை மீறுகிறேன். அன்றைக்கு அப்பா கொண்டுவந்தது ஒரு கடிதம் இல்லை, இரண்டு. இன்னொன்று உன் வீட்டுக்காரர் எழுதியது. நீலாவுக்குத் தெரிய வேண்டாம் அத்தை என்று முதல் வரியிலேயே போட்டிருக்கிறார். வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவர் என்று நான் நினைத்த மனிதர் ஐந்து பக்கம் எழுதியிருக்கிறார். கோதுமை ஆராய்ச்சி செய்கிறவர் இல்லையா, எல்லாம் தேதி போட்டு, டிகிரி போட்டு, கட்டம் கட்டி எழுதியிருக்கிறார். அவர் கீழ் அறைக்குப் போவது ஒளிந்துகொள்ள இல்லை. ஒரு மரப்பெட்டிக்குள் நாற்பது வாட்ஸ் பல்பைத் தொங்கவிட்டு, அதில் மாவை வைத்துப் புளிக்க வைத்துக்கொண்டிருக்கிறாராம். சிநேகிதர் வீட்டு மிக்ஸியில் அரைத்து, காரிலேயே மறைத்துக் கொண்டுவருகிறாராம். டொராண்டோவிலிருந்து வந்த பருப்பு இத்தனை சீக்கிரம் எப்படித் தீர்ந்தது என்று குழம்பினாயே, அதைத் தின்ற எலி உன் வீட்டுக்காரர்தான். முதல் தடவை சூடு அதிகமாகி நாறிவிட்டது, இரண்டாவது அசையவே இல்லை, மூன்றாவது ஒரு விரல் உயரம் எழும்பி அமுங்கிவிட்டது. அதைப் படம் வரைந்து அனுப்பியிருக்கிறார். அப்பாவிடம் படத்தை மட்டும் காட்டினேன், "மாப்பிள்ளை சைட் டிராயிங் மாதிரில்ல போட்டிருக்காரு, கம்பெனியில சொல்லி வேலைக்கு எடுத்துக்கலாமா?" என்கிறார்.

அவருக்கும் பதில் எழுதிவிட்டேன். சபையில் சிரித்தது தப்பு என்று பச்சையாகவே எழுதினேன், மாப்பிள்ளை என்ற மரியாதையை ஒரு பத்திக்கு மட்டும் தள்ளிவைத்தேன். மாவு விஷயத்தையும் உனக்கும் ஒருமுறை ஒழுங்காகச் சொல்கிறேன். பருப்போடு ஒரு ஸ்பூன் வெந்தயம் ஊறப்போடு, வெதுவெதுப்பான தண்ணீரில் அரை, உப்பைப் போட்டுக் கையாலேயே கலக்கு, கரண்டியால் கலக்கினால் அந்தக் குளிரில் மாவு கண் திறக்காது. பெட்டிக்குள் பாத்திரத்தை மூடிய துணி பல்பில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தயிருக்கு உறை ஊற்றினால் பாத்திரத்தை அவருடைய பழைய ஸ்வெட்டரில் சுற்றி வை. பக்கத்து வீட்டு ஒலேனா அம்மாள் ஃப்ரீஸரிலிருந்து ஏதோ சிவப்புத் தண்டு கொடுத்தார், புளிப்பாக இருக்கிறது, அதன் இலையை மட்டும் சாப்பிடக் கூடாது என்றார் என்று எழுதியிருந்தாயே. புளிச்ச கீரை மாதிரி நினைத்துக்கொள், தண்டை நறுக்கி நல்லெண்ணெயில் வதக்கி, மிளகாய்ப் பொடி, வெந்தயப் பொடி, கொஞ்சம் வெல்லம் போட்டுத் தொக்கு கிளறு. ஒலேனா அம்மாளுக்கும் ஒரு கிண்ணம் கொண்டுபோய்க் கொடு. பேச ஆள் வேண்டுமென்றால் நம் கையில் ஒரு கிண்ணம் இருக்க வேண்டும், வெறுங்கையோடு போனால் இரண்டு பேருக்கும் வாய் வராது.

இந்தக் கடிதத்தோடு சின்னப் பொட்டலம் வைத்திருக்கிறேன். கொத்தமல்லி, வெந்தயம், முள்ளங்கி, தண்டுக்கீரை, எல்லாம் ரஹீமா பீவி கடையிலிருந்தும் என் டின்னிலிருந்தும் எடுத்த விதை. எனக்கு இங்கே அக்டோபரில்தான் விதைப்பு, இனி வெயில் வந்தால் பால்கனி காலி. உனக்கு நேர் எதிர். ஏப்ரலில் சமையலறை ஜன்னலோரம் பால் பவுடர் டின்னில் போடு, முளைத்து நான்கு இலை விட்டதும் வெளியே வை. இந்தத் தடவை வெளியே என்றால் வீட்டுக்கு வெளியே, தரையில், அதுவும் ஜூன் பிறந்து ஒலேனா அம்மாள் இனி உறைபனி இல்லை என்று சொன்ன பிறகு. இனி இப்படித்தான் விளக்கமாக எழுதுவேன். ராத்திரி பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும் என்கிறாயே, அப்படியானால் கீரை உன்னை விட வேகமாக வளரும்.

உன் கடிதத்தை அப்பாவிடம் இன்னும் காட்டவில்லை. நீ மறுபடி ஒரு வரி எழுது, வருகிறேன் என்றால் அன்றைக்கே சொல்லிவிடுகிறேன், டிக்கெட்டும் வந்துவிடும், ஏன் எதற்கு என்று இந்த வீட்டில் யாரும் உன்னைக் கேட்கமாட்டார்கள். இருக்கிறேன் என்றாலும் நான் சொன்னதற்காக இருக்காதே, கீழ் அறைக்கு ஒருமுறை இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு நீயே யோசித்துச் சொல்.

உங்கள் இருவரையும் மனதார ஆசீர்வதிக்கிறேன், எந்த முடிவானாலும் உனக்கு நல்லதாகவே நடக்கும். காலில் உறை போடாமல் தரையில் நடக்காதே, தலைக்கு ஊற்றிவிட்டு ஈரத்தோடு வாசலுக்குப் போகாதே, பதிலை ஒரு வாரத்துக்குள் போடு. ஒன்று எழுதலாமா வேண்டாமா என்று இத்தனை நேரம் வைத்திருந்தேன். மாப்பிள்ளையின் கடிதத்தில் ஐந்தாவது பக்கத்தில் கட்டமோ டிகிரியோ இல்லை, ஒரே ஒரு வரிதான். எதைச் சேர்த்தால் பழையபடி ஆகும் அத்தை, என்று கேட்டிருக்கிறார். மாவைக் கேட்கிறாரா உன்னைக் கேட்கிறாரா என்று நான் நிரம்ப நேரம் யோசித்தேன். மாவுக்கு வெந்தயம் என்று எழுதிவிட்டேன். மற்றதை நீதான் அவருக்குச் சொல்ல வேண்டும்.

உன் அம்மா,
சந்திரகலா கோபாலசாமி