காரணம் எண் நான்கு: வயிறு

ஜன. 19, திங்கள்

இன்று மேடத்திடம் சொல்லாதது: "மேடம், நான்காம் எண்ணில் தப்புச் செய்துவிட்டேன்."

சொன்னது: "ஓகே மேடம்." நான்கைந்து முறை. கடைசியில் ஒரு "தேங்க்யூ மேடம்", எதற்கென்று தெரியாமல்.

காலையில் கடும் பனி. செங்கல்பட்டு ஸ்டேஷன் பக்கம் எதிரே வரும் பஸ்கூடத் தெரியவில்லை. ஸ்கூட்டரை உருட்டாத குறை. யுனிவர்சிட்டியில் எங்கள் துறைக்குப் போய்ச் சேரும்போது கால் மணி தாமதம். மேடம் கடிகாரத்தைக்கூடப் பார்க்கவில்லை.

நடந்ததை வரிசையாக எழுதிவைக்கிறேன். மனத்திலேயே வைத்திருந்தால் தினமும் எனக்குச் சாதகமாகக் கொஞ்சம் மாறுகிறது.

நெம்மேலிக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பம். அங்கே ஓர் அறக்கட்டளை, நாலு நாலு பேராகச் சேர்த்து ஃபைபர் படகுகள் கொடுத்திருக்கிறது. படகுகள் பல நாள் கரையிலேயே கிடக்கின்றன, ஏன் என்று ஆராய்ந்து சொல்லுங்கள் என்று எங்கள் மேலாண்மைத் துறையைக் கேட்டது. என் கைடான மேடத்தின் ப்ராஜெக்ட். கேள்வித்தாள் என்னுடையது. ஒரு குழு முடிவெடுக்கும்போது அதில் உணர்ச்சிக்கு என்ன இடம் என்பது என் பிஎச்.டி. தலைப்பு. அதற்கும் இதே தாள்கள்தான்.

கே. 11: கடலுக்குப் போகாத அன்று பயமாக இருந்ததா? பதில்: இல்ல. ஒருவர் விடாமல் எல்லோரும் இல்ல.

கே. 12: அப்படியானால் ஏன் போகவில்லை? காற்று 1. வலை, இன்ஜின் பழுது 2. வீட்டு விசேஷம் 3. உடல்நலம் 4.

கூட்டமெல்லாம் நான்கில். "வயிறு சரியில்ல." தாளுக்குத் தாள் அதே இரண்டு சொல். தண்ணீர் கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்தேன். குடிநீர் பற்றி அறிக்கையில் தனிப் பத்தி. பக்கத்திலேயே கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை இருந்தும் அந்தத் தண்ணீர் சென்னைக்குப் போகிறது என்று ஓர் அடிக்குறிப்பு வேறு. அந்த அடிக்குறிப்பு மேடத்துக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

பிறகு, போன சனிக்கிழமை. செல்வி அக்கா வீடு. (மீன் விற்கிறவர். குப்பத்தில் வீடு வீடாக என்னை அழைத்துப்போய்த் தாள்களை நிரப்ப வைத்தவர்.) அன்று அவர் கணவர் ஏழுமலை அண்ணா கடலுக்குப் போகவில்லை. வயிறு சரியில்லை என்றார் அக்கா. பத்து மணி இருக்கும். வயிறு சரியில்லாத மனிதர் என் எதிரே உட்கார்ந்து பழைய சோறும் முந்தின நாள் சங்கரா மீன் குழம்பும் சாப்பிட்டார். மூன்றாவது தடவையாகச் சோறு கேட்டார்.

அவர் கை கழுவ வெளியே போனதும் அக்காவிடம் கேட்டேன், வயிறு சரியில்லை என்றீர்களே என்று.

"அது துன்ற வயிறு இல்லமா."

"பின்ன?"

"கரையில நின்னு தண்ணியப் பாக்க சொல்ல, உள்ள ஒண்ணு சொல்லும்ல. அந்த வயிறு."

"பயமா அக்கா?"

அக்கா வாசல் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அந்த வார்த்தைய இங்க சொல்லாத. சொன்னா அதுதான் மொதல்ல போட்ல ஏறி ஒக்காந்துக்கும்."

அவ்வளவுதான். இரண்டு வருட வேலை.

அறிக்கையின் முடிவு: அனுபவமுள்ள குழுக்களின் முடிவில் பயத்துக்குப் பங்கில்லை, முக்கியத் தடை உடல்நலம். பரிந்துரை: வயிறு சரியில்லை என்பவர் மருத்துவச் சீட்டு கொண்டுவர வேண்டும். சீட்டில்லாமல் ஒரே மாதத்தில் மூன்று நாள் போகாவிட்டால் படகு வேறு குழுவுக்கு. மூன்று நாள் கணக்கு அறக்கட்டளை கேட்டுச் சேர்த்தது. சீட்டு என்ற யோசனை என்னுடையது. மேடத்துடையதுகூட இல்லை.

புதன்கிழமை அனுப்பப் போகிறோம்.

ஜன. 20, செவ்வாய்

வாங்க வேண்டியவை: ரீஃபில். அம்மாவின் பிரஷர் மாத்திரை. ஸ்கூட்டர் முன் பிரேக் பார்க்க. ஞாயிறு கோயம்புத்தூரிலிருந்து சித்தப்பா குடும்பம், வேடந்தாங்கல் பறவை பார்க்க. போர்வை இரண்டு உலர்த்தணும்.

உறுதி செய்துகொள்ளாமல் மேடத்திடம் போகக் கூடாது என்று எனக்கே சொல்லிக்கொண்டு குப்பத்துக்குப் போனேன். உண்மையில், இன்னொரு நாள் கிடைக்குமே என்றுதான்.

மணலில் மீன் பிரித்துக்கொண்டிருந்த பெண்கள் என்னைக் கண்டதும் ஆரம்பித்துவிட்டார்கள். பரீட்சை டீச்சர் வந்துகினு கீது என்று ஒருத்தி. இன்னொருத்தி: "இன்னாமா, எங்க வூட்டுக்காரருக்கும் ஒரு டிக்கு போடேன். ஆளு தேறுவாரான்னு பாப்போம்."

ஏழுமலை அண்ணா வலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நேராகக் கேட்காமல் சுற்றிச் சுற்றிக் கேட்டேன். ஒருவர் வயிறு என்று சொன்னால் மற்றவர்கள் என்ன செய்வார்கள்? ஒன்றும் கேட்க மாட்டார்களாம். எதனால் என்று கேட்பது மரியாதை இல்லை. யாராவது ஒருவர் வலையை எடுத்துப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார், அதுதான் முடிவு. சொன்னவரை யாரும் கிண்டல் செய்வதில்லை. அன்று கடல் ஒன்றும் செய்யாமல் சும்மா இருந்தாலும் சொல்லிக்காட்டுவதில்லை. சின்னவன் சொன்னாலும் அதேதானா என்றேன்.

"நாலு பேர்ல ஒருத்தனுக்கு வயிறு சரியில்லன்னா நாலு பேருக்கும் சரியில்லமா."

பெரியவர் முன்னால் சின்னவர் தயங்காமல் 'வேண்டாம்' சொல்லக்கூடிய குழுவை எப்படி உருவாக்குவது என்று எத்தனை புத்தகம் படித்திருப்பேன். பயிற்சி முகாம், விளையாட்டு, வட்டமாக உட்காருவது. இங்கே அது இரண்டு சொல்லில் நடந்துகொண்டிருந்தது. நான் அதை வயிற்றுப்போக்கு என்று பதிவு செய்திருக்கிறேன்.

சீட்டு பற்றி இவர்களிடமும் சொல்லவில்லை. சொல்ல வாயெடுத்தபோது அண்ணா இளநீர் வெட்டிக் கொடுத்தார்.

ரீஃபில் மறந்துபோச்சு.

ஜன. 21, புதன்

பாத்ரூம் கண்ணாடி முன் ஒத்திகை. "மேடம், ஒரு விஷயம்." வேண்டாம். "மேடம், ஒரு சின்ன விஷயம்." சின்ன விஷயம் இல்லையே. "மேடம், ஒரு தப்பு." குழாயை மூடிவிட்டுக் கிளம்பினேன்.

உள்ளே போனபோது அவர் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். பாதியை என்னிடம் நீட்டினார். நான் வாய் திறப்பதற்குள்:

"அறக்கட்டளையில போர்டு மீட்டிங் வந்துடுச்சுன்னாங்கம்மா. ரிப்போர்ட்ட நேத்து சாயந்திரமே மெயில் பண்ணிட்டேன். உன் பேரும் முதல் பக்கத்துல போட்டிருக்கேன்."

முகமெல்லாம் சந்தோஷம், எனக்காக. பொதுவாக மாணவர் பெயரைக் கடைசிப் பக்கத்தில், நன்றி சொல்லும் இடத்தில் போடுவார்கள்.

ஆரஞ்சைத் தின்றேன். விதையைக்கூட விழுங்கிவிட்டேன்.

இவர் திட்டுகிறவராக இருந்தால் சுலபம். போன மாதம் துறைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும், இவ டேட்டா எப்பவும் சுத்தமா இருக்கும் என்றார். அந்த ஒரு வாக்கியத்தைக் காப்பாற்றத்தான் மூன்று நாளாக இப்படி அலைகிறேனா? இருக்கலாம். கீழே இருப்பவர்கள் கெட்ட செய்தியை மேலே ஏன் கொண்டுபோவதில்லை என்று இரண்டாம் அத்தியாயத்தில் முப்பது பக்கம் எழுதியிருக்கிறேன். அந்த முப்பது பக்கத்தில் ஆரஞ்சு பற்றி ஒன்றும் இல்லை.

ஜன. 22, வியாழன்

போகவில்லை. மேடத்துக்கு மெசேஜ்: வயிறு சரியில்லை மேடம், இன்று வரவில்லை.

அனுப்பிய பிறகுதான் படித்தேன். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். பதில்: ரெஸ்ட் எடு, மோர் குடி.

அம்மா ஸ்கூலிலிருந்து வந்ததும் சொன்னேன். (திருக்கழுக்குன்றத்தில் எட்டாம் வகுப்புக் கணக்கு டீச்சர்.) முழுவதும் கேட்டுவிட்டு, தீஸிஸ் முடியற நேரத்துல இது தேவையா, நீயா போய்ச் சொன்னாத்தானே தெரியும் என்றாள். பிறகு, சித்தப்பாவுக்கு மெத்தை போதுமா என்று எண்ண ஆரம்பித்தாள். அம்மா மீது கோபம் வரவில்லை. நான் உள்ளே வைத்திருந்ததைத்தான் அவள் வெளியே சொன்னாள்.

நாலு மணிக்கு செல்வி அக்கா போன். அறக்கட்டளை சூப்பர்வைசர் கரைக்கு வந்து, நாளையிலிருந்து வயிறு என்றால் டாக்டர் சீட்டு என்று சொல்லிவிட்டுப் போனாராம். இந்த மாதம் ஏழுமலை அண்ணா குழு ஏற்கெனவே இரண்டு நாள் போகவில்லை. இன்னும் ஒரு நாள்தான்.

"இன்னாமா இது, சீட்டு கீட்டுன்னு பேஜாரு. நீ படிச்ச பொண்ணு, கேட்டுச் சொல்லேன்."

"கேக்கறேன் அக்கா."

கேட்கிறேனாம். யாரிடம்?

இரவு சாப்பிடவில்லை. இப்போது உண்மையாகவே வலிக்கிறது.

ஜன. 23, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

ஒத்திகை எதுவும் உதவவில்லை. கதவைச் சாத்தியதும், நாலாம் எண் வயிறு இல்லை மேடம், பயம் என்றேன். அவருக்குப் புரியவில்லை. முதலிலிருந்து சொன்னேன். பழைய சோறு, மூன்றாவது தடவை சோறு, துன்ற வயிறு, நாலு பேருக்கும் சரியில்ல, எல்லாம். நடுவில் ஒருமுறை அவருக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

எத்தனை தாள் என்றார். நான்கு என்று குறித்ததில் முக்கால்வாசி இருக்கும், ஒவ்வொருவரையும் திரும்பக் கேட்டால்தான் தெரியும் என்றேன்.

"எப்போ தெரிஞ்சுது?"

"சனிக்கிழமை மேடம்."

"இன்னிக்கு வெள்ளி."

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அறக்கட்டளைக்கு ஒரு கடிதத்தை அவரே டைப் செய்தார். பரிந்துரையைத் திரும்பப் பெறுகிறோம், பிழை எங்களுடையது, சீட்டு முறையை உடனே நிறுத்தவும். "எங்களுடையது" என்று போட்டார். நான் பக்கத்தில் நின்று எழுத்துப்பிழை பார்த்தேன். அனுப்பும்போது ஐந்தே முக்கால். அவர்கள் அலுவலகத்துக்கு மூன்று முறை போன் செய்தார். யாரும் எடுக்கவில்லை.

வெளியே வந்ததும் செல்வி அக்காவுக்கு போன் செய்தேன். கடிதம் போயாச்சு அக்கா, இனி சீட்டு கேட்க மாட்டார்கள் என்றேன். அப்படி ஒரு நிம்மதி எனக்கு. அக்காவுக்கும். நல்லா இருமா என்றார்.

வீட்டுக்கு வரும் வழியில் ரீஃபில் வாங்கினேன்.

ஜன. 24, சனி

விடியும்போதே வாடைக் காற்று. மொட்டை மாடியில் உலர்த்தியிருந்த போர்வை ஒன்று பக்கத்து வீட்டு வேப்பமரத்தில். அம்மா கீழே நின்று கத்துகிறாள், நான் மேலே நின்று குப்பத்துக்கு போன்.

8.00 எடுக்கவில்லை. 8.40 எடுக்கவில்லை. 9.15 எடுக்கவில்லை. மீன் விற்கப் போயிருப்பார், போனை வீட்டில் வைத்திருப்பார். காற்று இங்கே அடிப்பதுபோல அங்கே அடிக்காது. கடிதம்தான் போய்விட்டதே.

10.05. எடுத்தது அக்கா இல்லை, பக்கத்து வீட்டுப் பெண். காலையில் படகைத் தள்ளும்போது அலை உடையும் இடத்தில் கவிழ்ந்துவிட்டது. நாலு பேரையும் கரையில் நின்றவர்கள் இழுத்துவிட்டார்கள். மூன்று பேருக்குச் சிராய்ப்பு. ஏழுமலை அண்ணா படகுக்கு அடியில் மாட்டிக்கொண்டார். வலது தோள். செங்கல்பட்டுக்குத்தான் கொண்டுவருகிறார்கள்.

வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி பத்து நிமிடம். இன்று போகவில்லை. இதையும் எழுதிவைக்கிறேன்.

ஜன. 25, ஞாயிறு

சித்தப்பா குடும்பம் எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு வேடந்தாங்கல் போனார்கள். எனக்கு வேலை என்றேன்.

எலும்பு வார்டு. ஏழுமலை அண்ணா கட்டோடு படுத்திருந்தார், முகம் வீங்கி. கடலைப் பற்றிப் பேசாமல் சூப்பர்வைசரைப் பற்றிச் சொன்னார். வயிறு சரியில்லை என்று அண்ணா சொன்னாராம். சீட்டு எங்கே என்றாராம் அவர். கடிதம் போயிருக்கிறதாமே என்று கேட்டதற்கு, எனக்கு எதுவும் வரவில்லையே என்றாராம்.

"அப்புறம் பையிலேந்து ஒரு மாத்திரை எடுத்துக் குடுத்தாரு. நல்ல மனுஷன்தான். முழுங்கிட்டேன். முழுங்கின அப்புறம் இன்னா சொல்றது?"

மற்ற மூன்று பேரும் வலையைக் கையில் வைத்துக்கொண்டு இவரையே பார்த்துக்கொண்டிருந்தார்களாம்.

செல்வி அக்கா ஸ்பூனில் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"சீட்டு நீ எழுதினதாமே. உன் பேரு போட்டுக்கீதாம், அந்த சூப்பர்வைசரு காட்டினாரு."

"ஆமா அக்கா. நான்தான் எழுதினேன்."

கிண்ணத்தில் இருந்த கஞ்சி தீரும்வரை கொடுத்தார். துண்டால் அண்ணா வாயைத் துடைத்தார். நான் கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மன்னிப்புக் கேட்க நினைத்ததெல்லாம் அறிக்கை மொழியில்தான் வந்தது: தவறான புரிதல், வகைப்பாடு. அதைச் சொல்வதைவிடச் சொல்லாமலே இருக்கலாம்.

"போய் டீ வாங்கினு வா," என்றார். "ஒண்ணு சக்கரை இல்லாம."

வாங்கி வந்தேன். குடித்தார். நான் கிளம்பும்போது, வரேன் அக்கா என்றேன். அவர் தலையசைத்தாரா என்று தெரியவில்லை. பெட் மாற்ற ஆட்கள் வந்துவிட்டார்கள்.

ஜன. 26, திங்கள்

குடியரசு தினம். எழுத ஒன்றுமில்லை. போர்வையை மரத்திலிருந்து எடுத்தாகிவிட்டது, கிழிசலோடு.

ஜன. 27, செவ்வாய்

மூன்று நாள் விடுமுறைக்குப் பிறகு அறக்கட்டளை அலுவலகம் இன்று திறந்தது. பதினொரு மணிக்குக் கடிதத்தைப் படித்தார்கள். பதினொன்றரைக்குச் சீட்டு முறையை நிறுத்திவிட்டதாக மேடத்துக்கு போன் வந்தது. எல்லாத் தாள்களையும் திரும்பக் கேட்டு எழுத வேண்டும். என் தீஸிஸ் ஜூனுக்குத் தள்ளிப்போகிறது.

ஏழுமலை அண்ணாவுக்குக் காலையிலேயே ஆபரேஷன் முடிந்துவிட்டது. தோளில் ப்ளேட் வைத்திருக்கிறார்கள். வலது கையால் இனி வலை இழுக்க முடியாது என்று டாக்டர் செல்வி அக்காவிடம் சொல்லிவிட்டார்.