ஐந்து சொல் ஒளித்த ஏடு

நலம் பெருகுக. மழை பிழையாத வெண்குன்ற நாட்டை ஆளும் பெருவேந்தர் நீலவரையரின் திருவாணையால், அமைச்சன் எயினன், வடவெல்லைக் கருங்கோட்டைக் காவலர் படைத்தலைவர் தித்தனார்க்கு விடுக்கும் ஓலை. தித்தனாரின் வாளும், கோட்டை மதிலும், அதனுள் வாழும் குடிகளும் குறைவின்றி விளங்குக.

முன்னர் வந்த ஓலையை மறுத்தே இவ்வோலை வருகிறது என அறிக. கோட்டை எழுத்தர் காரிநங்கையை, ஓலை கண்ட மூன்றாம் நாள் உச்சிப்பொழுதில் தலை கொய்க என்று அதில் எழுதியிருந்தது. அவ்வாணை செல்லாது. அவள்மீது ஒரு கையும் படலாகாது.

காரிநங்கை திங்கள்தோறும் மன்னர்க்கு இரண்டு ஏடுகள் அனுப்புவதைத் தித்தனார் அறிவார். ஒன்றில் கட்டம் கட்டமாக எழுத்துகளை இறைத்து, அவற்றுள் சொற்களை ஒளித்து வைப்பாள். மற்றது எண் கட்டம். எப்பக்கம் கூட்டினாலும் ஒரே தொகை வரும், நடுக்கட்டம் மட்டும் வெறுமையாக இருக்கும். அதை நிரப்பினால்தான் எத்தனை சொல் ஒளிந்துள்ளன என்பது தெரியும். அவ்வேடுகளோடு அமர்ந்துவிட்டால் மன்னர் சோறு ஆறுவதும் அறியார், அவையோர் காத்திருப்பதும் அறியார். அவர் கைக்குப் போகுமுன் இரண்டொரு சொல்லையாவது தான் கண்டுவிட வேண்டும் என்பது எயினனின் நெடுநாள் அற்ப ஆசை.

இம்முறை அவன் கண்ணில் முதலில் பட்டது 'முடி'. அதன் அருகே மேலிருந்து கீழாக இன்னொன்று, 'கொல்'. மன்னர் உயிருக்குப் பகைவர் ஆள் ஏவியிருப்பதாக ஒற்றர் சொன்ன வாரம் அது. எவனுக்கோ கட்டளை போகிறது என எயினன் துணிந்தான். எண் ஏட்டைத் தொட்டும் பாரான். மன்னர் வேட்டைக்குச் சென்றிருந்ததால், அவர் முத்திரையைத் தானே இட்டு முன் ஓலையை அனுப்பினான்.

இன்று காலை திரும்பிய மன்னர் ஏடுகளைக் கேட்டு வாங்கினார். மேல் வரிசையில் நான்கு, ஒன்பது, இரண்டு; நடு வரிசையில் மூன்றுக்கும் ஏழுக்கும் இடையே வெற்றிடம். அங்கே ஐந்தை இட்டு, ஐந்து சொல் தேடினார். முரசு, குடை, கொடி, முடி, கோல். எல்லாம் அரசர்க்குரியவை. ஏடு கிழியுமென்று புள்ளி குத்தாமலும், எகர ஒகரங்களின் குறிலையும் நெடிலையும் ஒரே வடிவிலும் எழுதுவது நம் வழக்கம். அதில் கோலும் கொல்லும் ஒன்றுபோலவே இருக்கும். வாழ்நாளெல்லாம் ஓலை படித்தவனுக்கு இது தெரியாததன்று. மன்னர் சினக்கவில்லை. மற்ற மூன்று சொல்லையும் ஏன் தேடவில்லை என்று மட்டும் வினவினார்.

முன் ஓலை சென்று மூன்று நாள் ஆயிற்று. கோட்டைக்கு இரண்டு நாள் வழி; நேற்றே அது தித்தனார் கையில் சேர்ந்திருக்கும், நாளை மூன்றாம் நாள். குதிரை மாற்றி மாற்றி விரைந்தால் ஆணையின் உச்சிப்பொழுதுக்குச் சற்று முன் தூதன் வந்து சேர்வான். எயினன் விரல்விட்டு எண்ணி எண்ணிப் பார்க்கிறான். ஒரு குதிரை இடறினாலும் கணக்கு பிசகிவிடும்.

ஆணை யாதெனில்: ஓலை கண்ட கணமே அவள் விலங்கைக் கழற்றுக. பல்லக்கில் ஏற்றித் தக்க மரியாதையோடு தலைநகர்க்கு அனுப்புக. ஐயம் எழாதிருக்க, இவ்வோலையில் புள்ளிகளெல்லாம் குத்தப்பட்டுள்ளன. ஏடு கிழிந்தால் கிழியட்டும். முத்திரையை மன்னரே தம் கையால் இட்டார்.

முத்திரைக்குப் பின்னும் ஒரு சொல். ஓலை பிந்தியிருந்தால், காரிநங்கையின் மகள் ஏன் என்று கேட்பாள். தித்தனார் விடை கூறற்க. எயினன் தூதனுக்குப் பின்னாலேயே வருகிறான். அவளுக்கு அதைத் தன் வாயால் அவனே சொல்லுக என்பது மன்னர் ஆணை.