வேலை செய்யுது மச்சான்

அன்பு மச்சானுக்கு,

அக்கா நேற்று, நீங்கள் கரண்ட் இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்டரை என்னிடம் கொடுத்தாள். வாங்கி மேசை டிராயரில் போட்டேன். நீங்கள் போய் ஐந்து மாதமாகிறது, எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. கடலூர் பஸ்ஸில் வரும்போது உங்கள் கம்பெனி இருக்கும் குடிகாடு ஸ்டாப்பில் நீங்கள் ஏறுகிறீர்களா என்று மட்டும் பார்க்கிறேன்.

சிதம்பரத்தில் எனக்கு அதே ஆராய்ச்சி வேலைதான். பாக்டீரியாக்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்ல வெளியே விடும் ரசாயனத்தைப் பிரித்தெடுத்து, புற்றுநோய்ச் செல்கள் மேல் விட்டுப் பார்ப்பது. முதல்முறை சொன்னபோதே, "ஓ, மிஸ்டு கால் குடுக்குதுங்களா?" என்று கேட்டீர்கள். அதன்பிறகு போன் எடுத்தாலே, "உன் பசங்க என்ன சொல்றாங்க மச்சான்?" என்பதுதான் முதல் கேள்வி.

உங்கள் தொண்டையில் கட்டி என்று தெரிந்தபோது டாக்டர் கரண்ட் வைக்கச் சொன்னார். கதிர்வீச்சுக்கு நம் பக்கம் அதுதானே பெயர். கம்பெனியில் எலக்ட்ரீஷியனான உங்களிடம் போய் அந்த வார்த்தையைச் சொல்லலாமா?

"இருவது வருஷமா அதுகிட்ட தப்பிச்சிகினு வரேன். இப்ப நானே போய் கழுத்துல வச்சிக்கவா?" என்றீர்கள். அது இந்தக் கரண்ட் இல்லை என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்.

அந்த வாரம்தான் ஆய்வகத்தில், கண்ணாடித் தட்டில் வளர்த்த புற்றுநோய்ச் செல்கள் செத்தன. சந்தோஷம் தாங்காமல் உங்களுக்குத்தான் முதலில் போன் போட்டேன். "வேலை செய்யுது மச்சான்" என்றேன். தட்டில் என்று சொன்னேனா? இன்றுவரை ஞாபகம் வரவில்லை.

உங்கள் தொழிலில் வேலை செய்கிறது என்றால் சுவிட்சைப் போட்டதும் விசிறி சுற்ற வேண்டும். என் தொழிலில் அது ஆரம்பம்கூட இல்லை. நீங்கள் என் மருந்து வரட்டும் என்று கரண்ட்டைத் தள்ளிப்போட்டீர்கள். அக்காவையும் என்னிடம் சொல்ல விடவில்லை. எனக்குத் தெரிந்தபோது குரல் போய்விட்டது, கட்டி பரவிவிட்டது.

ஆஸ்பத்திரியில் ஒரு சீட்டில் எழுதிக் காட்டினீர்கள்: உன் பசங்க? "வேலை செய்யுது" என்றேன். வேறென்ன சொல்வேன் மச்சான்?

போன வாரம் புவனகிரியிலிருந்து ஓர் அக்கா வந்தார். உங்களோடு வேலை பார்த்தவரின் மனைவி. அவர் வீட்டுக்காரருக்கும் தொண்டையில் கட்டியாம். என் மருந்தைப் பற்றி நீங்கள் சொன்னதை நம்பி, அவரும் கரண்ட் வேண்டாம் என்கிறாராம். மருந்து எப்போது வரும் என்று அந்த அக்கா கேட்டார்.

உள்ளே கூட்டிப்போய்த் தட்டைக் காட்டினேன். "இந்தத் தட்டுலதான்க்கா வேலை செய்யுது. எலிக்கே இன்னும் குடுக்கல. எப்ப மருந்தாகும், ஆகுமான்னே தெரியாது. கரண்ட் வைக்கக் குடுத்த தேதிய விட்டுடாதீங்க" என்றேன். கரண்ட் என்பது எக்ஸ்ரே மாதிரிதான், உடம்பில் வயரே படாது என்றும் சொன்னேன். உங்களைப் பற்றியும் சொன்னேன். முகம் வாடிப்போய்க் கிளம்பினார்.

இன்று காலை போன் செய்தார். "மொத நாள் வச்சாச்சு தம்பி. ஷாக்கே அடிக்கலயாம். உங்க மச்சானுக்கு இது தெரியாம போச்சேன்னு அழுவுறாரு."

போனை வைத்துவிட்டு டிராயரைத் திறந்தேன். உங்கள் டெஸ்டரைக் கையில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். இனி யாரிடமும், எவ்வளவு சந்தோஷத்திலும், எதில் வேலை செய்கிறது என்று சொல்லாமல் அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டேன். தட்டு என்றால் தட்டு என்றே சொல்வேன் மச்சான்.

உங்களிடம் அதைச் சொல்லாமல் விட்ட,
உங்கள் வீட்டுக்காரியின் தம்பி,
குமரன்