மூடி வைத்த நீச்சல் குளம்

2 பிப்ரவரி 2025, ஞாயிறு

கரண்ட் பில் வந்தது. இவர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு நீச்சல் குளத்தை மூன்று முறை சுற்றினார். கோயிலில்கூட இவர் ஒரு சுற்றுக்கு மேல் வந்ததில்லை.

சென்னையில் தன் தங்கை வீட்டில் கட்டினார்கள் என்று, வடக்கனந்தலில் எங்கள் கரும்புத் தோட்டத்து ஓரமாக இவரும் ஒன்று கட்டினார். நாலு மாதம் ஆகிறது. நான் இன்னும் கால்கூட நனைக்கவில்லை. கேட்டால், மருந்து போட்டிருக்கிறது, ஆள் நடமாட்டம் இருக்கிறது — ஏதோ ஒன்று. பிறந்த ஊர் களமருதூரில் எங்கள் கிணற்று மேட்டிலிருந்து தலைகீழாகக் குதித்தவள் நான். கல்யாணமாகி இருபத்தாறு வருடம் வாளித் தண்ணீர்தான். ஒரே ஒரு தடவை, உடம்பு முழுக்கத் தண்ணீரில் மிதக்க வேண்டும். பெரிய ஆசையா இது?

9 பிப்ரவரி

சிக்கனத் திட்டம் அறிவிக்கப்பட்டது. எட்டு மணி நேரம் ஓடிய மோட்டார் இனி மூன்று மணி நேரம். செயற்கை அருவி ரத்து. நீல விளக்கு ரத்து. கடைசியாக —

"மதி, ஆளு இறங்குனாதான் எண்ணெ, வேர்வ எல்லாம் சேருது. அத்த சுத்தம் பண்ண மோட்டார் ஜாஸ்தி ஓடணும். யாரும் இறங்காம இருந்தா பாதி கரண்ட்டு மிச்சம்."

அடுப்பே மூட்டாவிட்டால் கேஸும் மிச்சம்தான். நாளைக் காலையில் செய்து காட்டட்டுமா?

20 பிப்ரவரி

குளத்துக்குப் போர்வை வந்திருக்கிறது. நீலத் தார்ப்பாய். தண்ணீர் ஆவியாகாதாம், குப்பை விழாதாம். நாலு பக்கமும் இழுத்துக் கட்டி முடித்ததும் இவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. கரண்ட் பில்லுக்கா இவ்வளவு?

3 மார்ச்

நாங்கள் கள்ளக்குறிச்சியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். மலையிலிருந்து அறுப்பு வேலைக்கு நேற்றுத்தான் வந்த ரங்கம்மாள், அந்தத் தார்ப்பாயில் மக்காச்சோளம் காயப்போட்டுவிட்டாள். ஓரத்தில் நின்றபடியே கொட்டியிருக்கிறாள். நாலாவது கூடைக்குக் கயிறு அறுந்து அத்தனையும் தண்ணீருக்குள். நல்லவேளை, மேலே ஏறி மிதிக்கவில்லை.

இவர் குதித்த குதிக்கு அவள் சொன்னாள்: "கீழ தண்ணி இருக்குதுன்னு எனக்கு இன்னாங்க தெரியும்? பாய் விரிச்சிருந்தா களம்னுதான நெனைப்பாங்க."

அவள் சொன்னதில் என்ன தப்பு?

5 மார்ச்

நேரம் வைத்தால் தானாக ஓடுகிற மோட்டார். தானாக ஓடி, சோளத்தை உறிஞ்சி, தானாகவே எரிந்துவிட்டது. கரண்ட் குறைவாக இழுக்கும் புது மோட்டார் வாங்கச் சொன்னார் மெக்கானிக். "எரிஞ்சி போன மோட்டார் அதவிடக் கம்மியாதான இழுக்குது?" என்றார் இவர்.

21 மார்ச்

தண்ணீர் பச்சை. ஊறிய சோளம் தெரு வரைக்கும் நாறுகிறது. தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டும் இருசப்பன்தான் வழி சொன்னார்: "கெணத்துத் தண்ணி நேரா கரும்புக்குப் போவுது. இதுல விட்டு, இது வழியா போவட்டுமேங்க. தெனமும் புதுத் தண்ணி. மருந்தும் வேணாம், இன்னொரு மோட்டாரும் வேணாம்."

"நீச்சல் குளத்தத் தொட்டியாக்கச் சொல்றான்!" என்று இவர் இரண்டு வேளை சாப்பிடவில்லை. மூன்றாவது வேளை நாற்றம் சாப்பாட்டு மேசைக்கே வந்ததும் ஒத்துக்கொண்டார்.

6 ஏப்ரல், ஞாயிறு

குளத்தைத் தேய்த்துக் கழுவி, கிணற்றுத் தண்ணீர் விட்டாயிற்று. ஒரு பக்கம் வருகிறது, மறுபக்கம் கரும்புக்குப் போகிறது. நான் யாரையும் கேட்கவில்லை. சுடிதாரோடு குதித்துவிட்டேன்.

"ஐயோ மதி! யாராவது வாங்களேன்!" — மேலே இவர் அலறுகிறார். நான் எதிர்க்கரையில் தலை தூக்கினேன்.

"உனுக்கு நீச்சல் தெரியுமா?"

"இருவத்தாறு வருஷத்துல என்னிக்காவது கேட்டீங்களா?"

இதைச் சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. சந்தோஷமா கோபமா, தெரியவில்லை. இவர் கரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "எனுக்குத் தெரியாது மதி. தண்ணியப் பாத்தாலே பயம்" என்றார். அடப்பாவி மனுஷா! அதுக்கா இத்தனை சிக்கனம்?

13 ஏப்ரல்

முதுகில் இரண்டு காலி எண்ணெய் கேன்களைக் கட்டிக்கொண்டு, என் தோளைப் பிடித்தபடி ஒரு மணி நேரம் கால் உதைத்தார். கரும்புக்குப் பாய்ந்தது போதும், கிணற்று மோட்டாரை நிறுத்தவா என்று கொட்டகையிலிருந்து இருசப்பன் கேட்டார்.

"இன்னும் கொஞ்சம் ஓடட்டும்யா!" என்று கத்தினார் இவர்.